எட்டுப் பிடி மண்ணும் ஒரு மஞ்சக் கடுதாசியும்

1. கடப்பாரை

உத்தமபாளையத்தில் எங்கள் வக்கீல் ஆபீசுக்குள் வேலம்மாள் வந்தபோது அவள் கையில் ஒரு கடப்பாரை இருந்தது. சின்னமனூரிலிருந்து, யுத்தகாலத்தில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டானாம். இவள் பார்த்த பார்வையில் பேசாமல் போய்விட்டானாம். நேரே வந்து என் மேஜை மேல், கேஸ் கட்டுகளுக்கு நடுவே அதைக் கிடத்தினாள்.

"குழாயத் தோண்ட வந்த ஆளுகளோடது, எழுத்தய்யா. புடுங்கிட்டு வந்துட்டேன். இன்னும் ரெண்டு அங்கன கெடக்கு. நாளைக்கு அதையும் புடுங்குவேன். அதுக்குள்ள நீங்க என்னமாச்சும் செய்யுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இயல்பிலேயே எனக்குச் சட்டென்று கோபம் வரும். அதனால் கெட்ட காரியங்களும் உண்டு.

"ஒனக்குப் புத்தி இருக்கா ஆத்தா? அடுத்தவன் கடப்பாரைய எடுத்தா திருட்டுக் கேசு போடுவான்."

"தோண்ட விட்டுட்டு வந்திருந்தா மட்டும் புத்தி இருக்குன்னு சொல்லியிருப்பீகளா?"

தண்ணீர் குடிக்கக் கொடுத்து உட்காரச் சொன்னேன். அவள் என்னை எழுத்தய்யா என்று கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வக்கீல் குமாஸ்தா ஆவதற்கு முன்னால் நான் சின்னமனூர் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவன். அவள் சொன்ன குழாய்க்கு உடன்படிக்கை எழுதியதும் நான்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் நான் பார்த்த நல்ல கேசுகளைச் சொல்லச் சொல்கிறார்கள். நான் மோசமாக எழுதிய ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

2. குழாய் வந்த விதம்

செல்லையா என்பவர் தேனியில் பஞ்சு வியாபாரம் செய்தவர். சின்னமனூரில் ஆற்றோரமாக அவருக்கு ஒரு பெரிய கிணறு இருந்தது. யுத்தத்துக்கு மூன்று வருஷம் முன்னால் அதில் ஆயில் என்ஜின் வைத்து, கிழக்கே மேட்டுப் புஞ்சைகளுக்கு ஒரு மைல் தூரம் இரும்புக் குழாய் பதித்துத் தண்ணீர் ஏற்றினார். அதுவரை அங்கே மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்தார்கள். தண்ணீர் வந்தபின் வாழை வந்தது, வெங்காயம் வந்தது, வெற்றிலைக் கொடிக்காலும் வந்தது.

குழாய் எட்டுப் புஞ்சைகள் வழியாகப் போயிற்று. எட்டுப் பேரும் குழாய்க்கு இடத்தைச் சும்மா விட்டார்கள். பள்ளத்தையும் அவர்களே வெட்டினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு புஞ்சை, காலையில் ஒன்று, மத்தியானத்துக்கு மேல் ஒன்று என்று நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். விளைச்சலில் நாலில் ஒரு பங்கு செல்லையாவுக்கு. வேறு யார் என்ஜினிலிருந்தும் தண்ணீர் வாங்குவதில்லை என்றும் பேச்சு. அப்படி உறுதி இல்லாமல் எந்த மனிதன் ஒரு மைல் இரும்பை மண்ணுக்குள் புதைப்பான்?

முதல் தண்ணீர் விட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். கிணற்று மேட்டுக் கருப்பசாமி முன்னால் எட்டுப் பேரும் தங்கள் தங்கள் புஞ்சையிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றையும் வெற்றிலையில் பொட்டலமாகக் கட்டித் தட்டில் வைத்தார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொட்டலமாக எடுத்தார். எந்த மண் முதலில் வந்ததோ அந்தப் புஞ்சைக்கு முதல் முறை. மண்ணின் நிறத்தைப் பார்த்தே இது கல்லுக்காட்டு மண், இது வேப்பமரத்துப் புஞ்சை மண் என்று சொன்னார்கள். ஆள் பெயரை யாரும் சொல்லவில்லை. நாலாவதாகச் செம்மண் வந்தது. அது முத்தையா என்பவரின் ஓடைப் புஞ்சை.

அதற்கப்புறம் நான் ஸ்டாம்புக் காகிதத்தில் உடன்படிக்கை எழுதினேன். 'இன்னார் இன்னாருக்குத் தண்ணீர் விடுவது, இன்னார் இன்னாருக்குப் பங்கு கொடுப்பது' என்று கோர்ட்டுத் தமிழில் வழவழவென்று எழுதினேன். மண் பொட்டலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ரிஜிஸ்தர் செய்யலாம் என்று ஒப்புக்குச் சொன்னேன்.

"சாமி முன்னால தண்ணி விட்டாச்சு. இனி ரிஜிஸ்தருக்குக் கூப்பிட்டா செல்லையா அய்யாவ நம்பலைன்னு ஆயிரும்ல?" என்றார் முத்தையா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். செல்லையாவுக்கும் முகம் மலர்ந்தது. நான் வற்புறுத்தவில்லை. ஒன்பது பேரையும் ஒரே நாளில் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போகிற சிரமம் எனக்கு மிச்சம். எழுத்துக்கூலியும் ஒரு வாழைத்தாரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து முத்தையா மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். ஓடைப் புஞ்சையை வேலம்மாள் கிரயம் வாங்கினாள். புருஷன் இல்லாதவள், தன் நகையை விற்று வாங்கிய நிலம் அது. கிரயப் பத்திரத்தில் தண்ணீர்ப் பேச்சே கிடையாது. ஆனால் நாலாவது முறை வந்ததும் என்ஜின்காரர் வழக்கம்போல ஓடைப் புஞ்சை வால்வைத் திறந்துவிட்டார். அவள் அகத்தி நட்டு, கொடிக்கால் வைத்தாள்.

3. நாலு நாள் மிச்சம்

யுத்தத்தின் நடுவில் செல்லையா நொடித்துப்போனார். பஞ்சில் விழுந்த அடி. எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார். மதுரை கோர்ட்டு அவரை இன்சால்வெண்டு என்று தீர்மானித்து, சொத்து முழுவதையும் ஒரு ரிசீவர் கையில் ஒப்படைத்தது.

அப்போது இரும்பு விற்ற விலை உங்களுக்குத் தெரியாது. போடி ரயில் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருந்த காலம் அது. என்ஜின் ஓடி, தண்ணீர் பாய்ந்து, விளைந்து, பங்கு வந்து கடன் அடைவதற்குள் எத்தனை போகம் ஆகும்? குழாயைத் தோண்டி விற்றால் ஒரே வாரத்தில் ரொக்கம். ரிசீவர் கெட்டவர் இல்லை. கடன் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு தேற்ற முடியுமோ அவ்வளவு தேற்றுவது அவர் வேலை. அவர்களில் பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்து ஏமாந்தவர்களும் இருந்தார்கள். அவர் என்ஜின் கொட்டகையைப் பூட்டி, உடன்படிக்கையை இனி நடத்துவதில்லை என்று கடிதம் அனுப்பி, இரும்பு வாங்குகிறவரின் ஆட்களை அனுப்பினார்.

வேலம்மாள் முந்தியில் முடிந்து வைத்திருந்த அந்தக் கடிதத்தை என் வக்கீல் இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்குத்தான் சொன்னார்.

"இதப் பாருய்யா. கடனாளி ஒரு பொருளை வச்சிருந்தா அது ரிசீவருக்குப் போகும். கடனாளி ஒரு வாக்கு கொடுத்திருந்தா, அதனால லாபம் இல்லேன்னா ரிசீவர் அதைக் கைகழுவிடலாம். வாக்குப் போனவன் நஷ்டத்தை எழுதிக்கிட்டு மத்த கடன்காரனோட வரிசையில நிக்கவேண்டியதுதான். ரூபாய்க்கு ரெண்டணா கிடைச்சா அதிர்ஷ்டம். ஆனா அது வெறும் வாக்கா இல்லாம நிலத்தோட ஒட்டின பாத்தியதையா, உரிமையா இருந்தா, ரிசீவரால உதறமுடியாது. செல்லையாவுக்கு என்ன சுமை உண்டோ அந்தச் சுமையோடதான் அவர் எடுத்தாகணும்."

"இது எதுங்க?" என்றாள் வேலம்மாள்.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் எழுதிய உடன்படிக்கையின் நகல் அவர் கையில் இருந்தது. ரிஜிஸ்தர் இல்லாத காகிதத்தை வைத்து நிலத்தில் பாத்தியதை என்று கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. அதை வெறும் வாக்காக ஆக்கி வைத்தவன் நான்.

"அதோட, இவள் பேரே இதுல இல்லையே. மத்த ஏழு பேருக்காவது வரிசையில நிக்க ஒரு காகிதம் இருக்கு. இவளுக்கு அதுகூட இல்ல. இவளையும் சேர்த்தா அவங்க கேசும் கெடும். ஏழு பேரை மட்டும் வச்சு மனுப் போடுவோம்" என்றார் வக்கீல்.

வேலம்மாள் எழுந்திருக்கவில்லை. "நான் வாங்கி அஞ்சு வருசம் ஆகப்போகுது. இம்புட்டு நாளா யாரக் கேட்டு எனக்குத் தண்ணி விட்டாக? செல்லையா அய்யாவ நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவுகளும் கேட்டதில்ல. நாலாவது முறை வரும், வால்வத் தொறப்பாக. எனக்குப் பாத்தியதை இல்லைன்னா எதுக்குய்யா தொறந்தாக?"

அவள் கேட்டு முடித்ததும் எனக்குச் செம்மண் பொட்டலம் ஞாபகம் வந்தது. வக்கீலிடம் சொன்னேன். அவர் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்யா, இதை முன்னாலயே சொல்லக்கூடாதா?"

"பட்டிக்காட்டுச் சமாச்சாரம்னு நினைச்சேன் சார்."

"முட்டாள்தனம். காகிதத்தைத் தூக்கிப் போடு. ஏழு பேர் கேசை விட இவள் கேசுதான் பலம். காகிதமே இல்லாம ஒருத்திக்கு முறை வந்திருக்குன்னா, அது காகிதத்தால வந்ததில்ல. முதல் மனுதாரர் இவள்தான்."

ரிசீவர் செய்கையால் பாதிக்கப்பட்டவர் இருபத்தொரு நாளைக்குள் கோர்ட்டுக்குப் போகவேண்டும். கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். பதினேழு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் இவர்கள் ரிசீவரிடம் கெஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மிச்சம் நாலு நாள். அன்றைக்கே உட்கார்ந்து மனுவை எழுதினேன். மறுநாள் எட்டுப் பேர் கைநாட்டும் வாங்கி, அதற்கடுத்த நாள் மதுரையில் தாக்கல் செய்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். ஜட்ஜ் அப்போதைக்குக் குழாயைத் தோண்டக்கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். கொட்டகைச் சாவி கிடைக்கவில்லை. விசாரணைக்குப் பத்து நாள் தள்ளி வாய்தா.

4. பத்து நாள்

வெற்றிலைக் கொடி மற்றப் பயிரைப்போலப் பொறுக்காது. தண்ணீர் ஒரு வாரம் தப்பினால் இலை தொங்கும். இன்னொரு வாரம் தப்பினால் கொடி அகத்தியை விட்டுக் கழன்றுவிடும். மறுபடி வைத்து, இலை பறித்துக் கவுளியாக அடுக்கிக் கட்ட வருஷக்கணக்காகும்.

சாட்சிக்கு ஆள் தேட நான் சின்னமனூர் போனபோது வேலம்மாள் ஆற்று வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். போக அரை மைல், வர அரை மைல். கொட்டகை பூட்டிய நாளிலிருந்து, காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரைக்கும் அதுதான். பாதிக் கொடிக்காலை ஏற்கெனவே கைவிட்டிருந்தாள். பாதியைக் காப்பாற்றினால் போதும் என்று முடிவு செய்து, எந்தப் பாதி என்பதையும் அவளே தீர்மானித்திருந்தாள். காய்ந்த வரிசைகளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு அவள் இத்தனை நடை நடந்தாள்.

எங்களுக்கு முக்கியமான சாட்சி செல்லையா. அவர் தேனியில் இல்லை. அனுமந்தன்பட்டியில் மைத்துனர் வீட்டில் இருப்பதாகத் தெரிந்து போனேன். வேலம்மாளும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கூட வந்தாள். பட்டுக்கரை வேட்டி கட்டிய மனிதர் அன்று பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளறையில் இருந்தார்.

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோர்ட்டு ஏறுவேன்? அங்கன எனக்குக் கடன் கொடுத்தவுக அம்புட்டுப் பேரும் நிப்பாக. குழாய வித்தா அவுகளுக்காவது நாலு காசு போகும். நான் வந்து அதையும் கெடுக்கவா?" என்றார்.

நான் சட்டம் பேச ஆரம்பித்தேன். வேலம்மாள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"அய்யா, ஒங்கள எனக்குச் சாதகமாப் பேசச் சொல்லல. அன்னைக்குக் கருப்பசாமி முன்னால என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க. அது எனக்குப் பாதகமாப் போனா நான் கொடிக்கால வெட்டிட்டுச் சோளம் வெதச்சுக்கிறேன். நீங்க வராம அது பாதகமாப் போனா, அத என்னால தாங்க முடியாது."

நாங்கள் எழுந்து வாசலுக்கு வந்தபின் மைத்துனர் பின்னாலேயே வந்து, விசாரணை என்றைக்கு என்று கேட்டார்.

5. கூண்டில்

கோர்ட்டு வராந்தாவில் வேலம்மாள் முதலில் செய்த காரியம், ரிசீவரின் ஆளைத் தேடிப் பிடித்துக் கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்தது. "சரியாப் பாத்துக்கங்க. பொறவு மொனை மழுங்கிப்போச்சுன்னு சொல்லப்படாது" என்றாள். அந்த ஆள் சிரித்துவிட்டான்.

முதலில் கூண்டில் ஏறியது நான். வாழ்க்கையில் எத்தனையோ சாட்சிகளைத் தயார் செய்தவன், அன்று நானே சாட்சி. ரிசீவர் தரப்பு வக்கீல் உடன்படிக்கையை நீட்டினார்.

"இதை எழுதியது நீர்தானே?"

"நான்தான்."

"நிலத்தில் பாத்தியதை என்று இதில் ஒரு வார்த்தை இருக்கிறதா?"

"இல்லை."

"ரிஜிஸ்தர் ஆகியிருக்கிறதா?"

"இல்லை."

"ஆக, இது செல்லையா இந்த எட்டுப் பேருக்குக் கொடுத்த வாக்கு. அவ்வளவுதானே?"

"இந்தக் காகிதத்தைப் பொறுத்தவரை அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே நடந்ததை நான் இதில் எழுதவில்லை."

"ஏன் எழுதவில்லை?"

பொய் சொல்ல வழி இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "மண்ணை வைத்துச் சீட்டுப் போடுவதை எல்லாம் பத்திரத்தில் எழுதினால் என்னைப் படிக்காதவன் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன்" என்றேன். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. என்ன மண், என்ன சீட்டு என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுத்து வேலம்மாள். எல்லாரும் எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே பேசினாள். நிலம் வாங்கியது, முறை வந்தது, பங்கு கொடுத்தது, அவ்வளவுதான். கடைசியில்தான் செல்லையா ஏறினார். பின் வரிசையில் அவருடைய கடன்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாய்க்குள்ளேயே திட்டியது எனக்குக் கேட்டது.

ஜட்ஜே நேராகக் கேட்டார். "இந்த அம்மாள் நிலம் வாங்கியபோது உம்மிடம் தண்ணீருக்குச் சம்மதம் கேட்டாளா?"

"இல்லீங்க."

"அப்படியானால் நீர் நிறுத்தியிருக்கலாமே. முத்தையாவுக்குத்தானே வாக்குக் கொடுத்தீர்?"

செல்லையா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "எப்படிங்க நிறுத்துறது? முறை முத்தையாவுக்கு விழுகலையே. மண்ணுக்கில்ல விழுந்துச்சு. முத்தையா மலைக்குப் போயிட்டான். மண்ணு அங்கனதான கெடக்கு?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். ஏதோ கேட்க வந்தவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

6. உத்தரவு

அன்றே கொட்டகைச் சாவியை விவசாயிகள் கையில் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. முழுத் தீர்ப்பு பிறகு வந்தது. செல்லையாவிடம் இல்லாத எதையும் ரிசீவர் எடுக்க முடியாது. முறையை நிறுத்தும் அதிகாரம் செல்லையாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே கிணறு, என்ஜின், குழாய் மூன்றையும் இருந்த இடத்திலேயே, எட்டுப் புஞ்சைகளின் தண்ணீர் முறைக்கு உட்பட்டு விற்கவேண்டும் என்பது அதன் சாரம். இரும்பு விலை கிடைக்கவில்லை. கடன்காரர்களுக்கு அதனால் குறைந்தது உண்மை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றும் அதில் இருந்தது. முறை நிலத்தோடு ஒட்டியது என்றால் நாலில் ஒரு பங்கும் நிலத்தோடு ஒட்டியதுதான். இனி யார் குழாயை வாங்கினாலும் அவருக்குப் பங்கு கொடுத்தாகவேண்டும், வேறு என்ஜின் தேடக்கூடாது. எட்டுப் பேரில் இரண்டு பேர் தாங்களே ஒரு என்ஜின் வைக்கலாம் என்று கனவு கண்டிருந்தார்கள். அவர்களுக்கு முகம் செத்துப்போயிற்று. "செயிச்சமா தோத்தமா?" என்று பஸ்ஸில் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

வேலம்மாளின் கொடிக்காலில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே பிழைத்தது.

கிணறு, என்ஜின், குழாய் மூன்றையும் போடி வியாபாரி ஒருவர் வாங்கினார். இந்தத் தடவை புதுப் பத்திரம் எழுதி, ஒன்பது பேரையும் நானே ரிஜிஸ்தர் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எழுத்துக்கூலி வாங்கவில்லை. எண்ணெய்க் குழாய், காஸ் குழாய் கேசுகளைத் தூக்கிக்கொண்டு இப்போது என்னிடம் வரும் இளம் வக்கீல்களுக்கும் நான் சொல்வது இதுதான்: கம்பெனி நொடித்த பிறகு ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கிளறாதீர்கள். அது எழுதப்பட்ட அன்றே, கொடுத்தது வாக்கா அல்லது மண்ணில் ஒரு பங்கா என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். அவர்கள் எப்படிச் செய்தார்களோ அப்படியே எழுதுங்கள், உங்களுக்குக் கூச்சமாக இருந்தாலும்.

சப் ரிஜிஸ்திரார் முன்னால் பத்திரத்தை வாசிக்க எடுத்தேன். வேலம்மாள் குறுக்கே கேட்டாள். "மண்ணு விழுந்தத எழுதியிருக்கீகளா?"

"மொத வரியே அதுதான் ஆத்தா."

"வாசிங்க."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். பத்திரம் பதிவானதும் முந்தியை அவிழ்த்து, வெற்றிலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிழைத்த கொடியின் இலை, உள்ளே ஓடைப் புஞ்சைச் செம்மண். இதையும் பத்திரத்தோடு சேர்த்து வைக்க முடியுமா என்று சப் ரிஜிஸ்திராரிடம் கேட்டாள். அதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்று அவர் சொன்னார். அவள் அதை என் கையில் வைத்தாள்.

"அப்ப நீங்களே வச்சுக்கங்க, எழுத்தய்யா. மறக்குற ஆளு நீங்கதான்."